மின்னிசைக் கருவிகள் – 9: பழைய சிந்தசைசரை வாங்குதலும் திருத்துதலும்

அனலொக் சிந்தசைசர் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் வாத்தியம். விசையை அழுத்தியதும் பிறக்கும் மின்னழுத்தம் அலையியற்றிக்குப் போய் ஒலியலையை எழுப்பும். வடிகட்டி அதன் நிறத்தைத் தீர்மானிக்கும். பெருக்கி அதன் எழுச்சியையும் அடங்கலையும் வகுக்கும். மூக், ரோலண்ட் கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியென்றால் அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு இடையில் இருப்பது சுமார் 83 மில்லிவோல்ட் மட்டுமே. அதில் பத்து பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். நாற்பது வருடப் பழைய கருவியைத் திருத்துவது இவ்வளவு நுணுக்கமான வேலையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கருவி வந்ததும் அனலொக் கருவிகளின் மதிப்பு சரிந்தது. ரோலண்ட் டிபி-303 என்ற சிறு பேஸ் பெட்டி விற்பனையாகாமல் 1984இல் கைவிடப்பட்டது. அடிமாட்டு விலைக்குப் போன அந்தப் பெட்டிகளை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, 1987இல் ‘அசிட் ஹவுஸ்’ இசையை உலகுக்குக் காட்டினார்கள். பழைய கருவிகளைத் தேடும் பழக்கம் வலுப்பெற அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பெட்டியை அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே பம்பாயில் ஒருவர் இராகம் வாசிக்க எடுத்திருந்தார். ஹிந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், டிபி-303, டிஆர்-808, ஜுபிட்டர்-8 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு கண்ட பிறகே உலகம் அவரைத் தேடி வந்தது. இன்னும் பின்னே போனால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னிசைக் கூடம் அமைந்திருந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதை அமைக்க உதவினார். ஆகவே இந்தக் கருவிகளுக்கும் நமது பிராந்தியத்துக்கும் உள்ள உறவு புதியதல்ல.

இலங்கையில் இருப்பவர் பெரும்பாலும் ஜப்பானின் பழைய பொருள் சந்தையிலிருந்து முகவர் மூலமே வாங்க வேண்டும். அங்கு ‘ஜங்க்’ என்று குறிக்கப்பட்ட கருவி எந்த உத்தரவாதமும் இன்றி விற்கப்படுவது. அது வேலை செய்யவும் கூடும், உள்ளே கரிந்துபோயும் இருக்கலாம். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கு 230. இடையில் மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் வைக்காமல் சுவிட்சைப் போட்டால், கடல் தாண்டி வந்த கருவி அந்த நொடியிலேயே பழுதாகிவிடும்.

திருத்தத்தில் முதல் இடம் மின்வழங்கிக்கு. அதிலுள்ள எலக்ட்ரோலைற்றிக் கொண்டென்சர்களுக்குள் இருக்கும் திரவம் வருடங்களில் வற்றிவிடும். பிறகு ஒலிக்குப் பின்னால் இரைச்சல் ஓடும், சுருதி ஆடும். 105 பாகை வெப்பம் தாங்கும் புதியவற்றை, துருவம் மாறாமல் பற்றவைக்க வேண்டும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் பொருள் விற்கும் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்கலாம். வழங்கி சரியான அழுத்தம் தருகிறதா என்று மீற்றரால் அளக்காமல் வேறெதிலும் கை வைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கொண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த எதிரி பற்றரி. 1981இல் வந்த கோர்க் பொலிசிக்ஸ் இதற்குப் பேர்போனது. ஒலி அமைப்புகளை நினைவில் வைக்கவென்று அதன் சுற்றுப்பலகையில் நிக்கல்-கட்மியம் பற்றரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது கசிந்தால் காரம் பரவி, செப்புக் கோடுகளை மயிரிழை மயிரிழையாகத் தின்றுவிடும். கருவி வந்த அன்றே அதை வெட்டி எடுப்பது நல்லது. கசிந்த இடத்தை வினாகிரியால் நடுநிலையாக்கி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவி, அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் பெரும்பாலான பொலிசிக்ஸ்களை இப்படி மீட்கலாம்.

1984இன் ஜூனோ-106க்கு வேறு நோய். அதன் ஆறு குரல்களுக்கும் 80017ஏ என்ற ஆறு சில்லுத் தொகுதிகள். அவற்றை மூடியிருக்கும் பிசின் முதுமையில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஒரு குரல் விட்டுவிட்டு ஒலிக்கும், பிறகு வெடிப்பொலி எழும். தொகுதியைக் கழற்றி அசிற்றோனில் ஊறவைத்துப் பிசினை உரித்தால் பல தடவை உயிர் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் புதிதாகத் தயாராகும் மாற்றுத் தொகுதிகள் கிடைக்கின்றன. ப்ரொஃபெற் போன்ற கருவிகளின் சிஇஎம்3340 அலையியற்றிச் சில்லு ஒரு காலத்தில் தட்டுப்பாடாக இருந்தது. 2016இல் அதன் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. லாத்வியாவின் அல்ஃபா நிறுவனமும் அதற்கு இணையானதைச் செய்கிறது. புகழைவிட உதிரிப்பாகம் கிடைப்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும்.

கரவனெல்ல போன்ற ஊரில் இவற்றுக்கெல்லாம் மேலாக ஈரத்தோடு போராட வேண்டும். அவிசாவளையிலிருந்து அட்டன் போகும் ஏ-7 வீதியும் கேகாலையிலிருந்து வரும் வீதியும் சேரும் இந்த இறப்பர்த் தோட்டப் பகுதி ஈரவலயத்தைச் சேர்ந்தது. வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. விசைகளின் அடியிலுள்ள தொடுகைகளில் களிம்பு படியும், நகர்த்திகள் கரகரக்கும், மரப் பக்கங்களில் பூஞ்சணம் பூக்கும். தொடுகைகளை ஐசோபுரோப்பைல் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். நகர்த்திகளுக்கு அவற்றுக்கென்றே விற்கும் துப்புரவுத் திரவம் வேண்டும். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கும் எண்ணெய் உள்ளே தூசியைக் கூழாக்கிவிடும். மூடி வைத்த கருவியே சீக்கிரம் கெடும். வாரத்தில் சில மணி நேரம் ஓடவிட்டால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமின்னல் கடுமையானது. மேகம் கருத்தால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

சுருதி கூட்டுவது கடைசி வேலை. ட்ரான்சிஸ்டரின் குணம் வெப்பத்தோடு மாறுவதால், சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் கழித்து, கருவி நிலைகொண்ட பிறகே திருகுகளைத் தொட வேண்டும்.

முதல் தடவை வாங்குபவர் 80 கிலோவுக்கு மேல் கனக்கும் யமஹா சிஎஸ்-80இன் பக்கம் போகாதிருப்பது நல்லது. 1982இன் ரோலண்ட் ஜூனோ-6 அவருக்கு ஏற்றது: நினைவகம் இல்லை, ஆகவே கசியும் பற்றரியும் இல்லை, ஜூனோ-106இன் பிசின் தொகுதிகளும் அதில் இல்லை, அதன் சுருதி எளிதில் அலைவதுமில்லை.

(தொடரும்)