அமராவதியின் எண்ணிக்கை

பேராக் தோட்டங்களில் வளர்ந்த நம்மிற் பலருக்கு அம்பிகாபதி கதை திரைப்படத்தின் வழியே அறிமுகமாயிற்று. கம்பர் மகனான அவன், சோழ இளவரசி அமராவதியை விரும்பினான். சிற்றின்பம் கலவாமல் 100 பாடல்கள் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்றான் மன்னன். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, 99ஆம் பாடல் முடிந்ததும் வெளிப்பட்டாள். அவளைக் கண்டு காதலைப் பாடியவன் கொல்லப்பட்டான் என்பது வழக்குக்கதை.

இதில் அவளுக்குரிய செயல் எண்ணுவது ஒன்றே. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 1937ஆம் ஆண்டுப் படத்துக்கு இளங்கோவன், 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் சாயலில் காதலுரையாடல் தீட்டினார், எண்ணியவள் பேசுபவளானாள். 1957இல் பானுமதி அவளாக நடித்தார். 2013இல் இந்திப் படமொன்று 'அம்பிகாபதி' என்று தமிழில் வந்தபோது நாயகி ஜோயா. அமராவதி என்னும் பெயரே இல்லை. 2025இல் செயற்கை நுண்ணறிவால் அதன் முடிவை மாற்றியபோதும் பிழைத்தவன் நாயகனே.

காப்பை நூலெண்ணிக்கையில் சேர்க்காதது புலவர் மரபு. அமராவதியோ செவியில் விழுந்த பாடல்களையெல்லாம் எண்ணினாள். வகுப்பறையில் அவளை 'அவசரக்காரி' எனச் சுட்டுமுன், தண்டனை விதித்தவன் மன்னன் என்பதை மாணவருக்கு நினைவூட்டுதல் நம் கடனாகும்.