குற்றியைப் பிடுங்குமுன் குழியை அளவிடுக!

மரம் விழும்போது அயலாரெல்லாம் கூடி நின்று பார்ப்பர். விழுந்த தென்னையின் தண்டுக்கும் ஓலைக்கும் குரும்பைக்கும் உரிமை கொண்டாடப் பலர் வருவர். நிலத்தில் எஞ்சி நிற்கும் அடிக்குற்றியைக் கேட்பார் எவருமிலர். சில மாதங்கள் சென்று, அவ்விடத்திற் குசினியை நீட்டவோ மதிலை எழுப்பவோ முற்படும்போதுதான் அது இல்லத்தரசியின் கண்ணை உறுத்தத் தொடங்குகின்றது. கூலியாளர் வந்து குற்றியை ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒரு தொகை கூறுகின்றார். நாம் அதிற் பாதியைக் கேட்கின்றோம். இருவரும் குற்றியைப் பார்த்தே விலை பேசுகின்றோம். அதைச் சூழ்ந்த இடத்தைப் பார்ப்பதில்லை. பின்னர் எழும் மனத்தாங்கல்களுக்கு இதுவே வித்தாகின்றது.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, மேற்கிற் கடலும் கிழக்கில் முந்தற் களப்பும் எல்லையாக அமைந்த உடப்பைப் போன்ற ஊரில் இவ்விடயம் இன்னும் கூர்மையானது. வீடுகள் நெருங்கிய மணற்பூமி அது. பெற்றோரின் வளவு பிள்ளைகளுக்குப் பிரியப் பிரிய, ஒருகாலத்தில் முற்றத்தின் நடுவே நின்ற தென்னை இரு வீட்டுச் சுவர்களுக்கிடையே அகப்பட்டுக்கொள்கின்றது. பெக்கோ இயந்திரம் ஒழுங்கைக்குள் நுழையாது. ஆகவே அலவாங்கையும் மண்வெட்டியையுமே நாம் நம்ப வேண்டியுள்ளது.

மணல் சொல்லும் கணக்கு

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அதன் அடிக்கிழங்கிலிருந்து விரற்பருமனான வேர்கள் ஆயிரக்கணக்கிற் புறப்பட்டு நாற்புறமும் ஓடுகின்றன. அவற்றைத் தனித்தனியே அறுப்பது கடினமன்று. வேம்பு, புளி முதலியவற்றின் பருத்த பக்கவேர்களைப்போல அவை அத்திவாரத்தை நெம்புவதும் அரிது. எனவே தென்னங்குற்றியில் நம்மை வருத்துவது வேரன்று, மணலே.

உலர்ந்த மணலில் 1 அடி ஆழந் தோண்டினால், குழியின் ஓரம் ஏறத்தாழ 1½ அடி சரிந்த பின்னரே நிலைகொள்ளும். குற்றியின் நடுவிலிருந்து 2 அடி விலகி, 3 அடி ஆழத்துக்குத் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். உறுதியான களிமண்ணாயின் குழி நேராக நிற்கும். அகற்றவேண்டியது ஏறக்குறைய 38 கனவடி. மணலிலோ குழியின் வாய் நடுவிலிருந்து 6½ அடிவரை விரிந்துவிடும்; அகற்றவேண்டியது ஏறக்குறைய 186 கனவடி. ஒரே குற்றிக்கு ஐந்து மடங்கு வேலை! நடுவிலிருந்து 5 அடி தூரத்தில் அயலாரின் மதில் நின்றால், அதன் அடிமணலும் நம் குழிக்குள் வந்து சேரும்.

அதே குற்றியை 1½ அடி ஆழத்தில் வெட்டி, எஞ்சியதை விட்டு மூடுவதானால், குழியின் வாய் 4¼ அடியுடன் நின்றுவிடும். மணலும் 48 கனவடியளவே. மதிலும் தப்பும், கூலியும் குறையும்.

எனவே கூலியாளரை அழைக்குமுன் நாம் விடைகாண வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்விடத்தில் இனி என்ன வரப்போகின்றது? சுவரோ மலக்குழியோ வருமாயின் முழுக்குற்றியும் வெளியேறவேண்டும். உள்ளே விட்டது உக்கிப் பொந்தாகி, மேலுள்ளதைத் தாழ்த்திவிடும். வெறும் முற்றமாயின் மேற்பகுதியை வெட்டி மூடுவதே அறிவுடைமை.

செய்யும் முறை

மதிற்பக்கத்தைத் தொடாது, வெளியான பக்கத்திலிருந்தே தோண்டுக. மணல் சரியுமிடத்திற் பலகையோ பழைய தகரமோ முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். நெருக்கமான குழியிற் கோடரி வீச இடமிராது. தென்னந்தண்டின் வைரம் புறத்தேயும் மென்மை உள்ளேயும் இருப்பதால், உளியாலும் அலவாங்காலும் நடுவைக் குடைந்து, பின் ஓரத்தைத் துண்டுதுண்டாகப் பிளப்பது எளிது. வேலை முடிந்த அன்றே குழியை மூடி, நீர் தெளித்து மிதித்து இறுக்கவேண்டும்.

கரைவலை இழுத்துப் பழகிய கைகள் நிறைந்த ஊரில், கயிறு கட்டி ஒரே மூச்சாய் இழுத்துவிடலாமென்ற எண்ணம் எழுவது இயல்பே. வெட்டவெளியில் அது தகும். சுவருக்கருகில், குற்றியோடு நிலமும் பெயர்ந்து மேலெழுமாதலால் அது கூடாது. தீயிட்டு எரிப்பதும் கிடுகுவேலிக்கும் கூரைக்கும் பகை. உப்பிட்டு உக்கச் செய்யலாமென்பார் சொல்லையும் கேளாதிருப்போமாக. இத்தகைய மணற்றிட்டில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. கிணற்றருகே உப்பிடுவது நம் குடத்தில் நாமே உப்பிடுவதாகும்.

வெளியே எடுத்த துண்டுகளை ஒழுங்கையிற் குவித்து வைத்தலும் தவறு. உக்கும் தென்னங்கட்டையிலேதான் கருவண்டு முட்டையிடுகின்றது. வளர்ந்த வண்டு அயல்மரங்களின் குருத்தைத் துளைக்கின்றது. இதே மாவட்டத்து லுணுவிலையில் 1929ஆம் ஆண்டிலிருந்து தென்னை ஆராய்ச்சி நடைபெற்றுவருகின்றது. ஆயினும் வண்டின் தொட்டில் நம் கொல்லையிற் கிடந்தால் ஆராய்ச்சி என் செய்யும்? கட்டைகளைப் பிளந்து வெயிலிற் காயவைத்து அடுப்புக்கு விறகாக்குவதே நலம்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலநீர் உயர்ந்து குழி ஊறும். ஆனி மாதமே ஏற்றது. திரௌபதியம்மன் தீமிதிப்புக்கு உறவினர் வந்திறங்குமுன் முற்றமும் ஒழுங்காகிவிடும்.

விலை பேசும் முறை

குற்றிக்கு இவ்வளவென்று பேசாது, வேலையை ஐந்தாகப் பிரிக்க: தோண்டுதல், முட்டுக் கொடுத்தல், வெட்டிப் பிளத்தல், சுமந்து அகற்றல், மூடி இறுக்கல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்டு, ஊரில் வழங்கும் நாட்கூலியாற் பெருக்கினால் நியாயமான தொகை கிடைக்கும். ஒடுங்கிய குழியில் ஒருவரே நின்று வேலைசெய்ய இயலுமாதலால், நான்கு பேரை அமர்த்தினால் நான்கில் ஒரு பங்கு நேரத்தில் முடியுமென எண்ணவேண்டா. கொந்தராத்தாகக் கொடுப்பதாயின் எத்தனை அடி ஆழம், கட்டையை அகற்றுபவர் யார், மதில் வெடித்தாற் பொறுப்பு யாருக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. கூலியில் ஒரு பங்கைக் குழி மூடிய பின்னரே கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வேலிக்கு அப்பாலுள்ள அக்காவிடமோ தம்பியிடமோ ஒரு சொல் சொல்லி, குழியின் வாய் எதுவரை வருமென்று கோடு கீறிக் காட்டுவோம். வெடித்த மதிலைச் சீமெந்தாற் பூசிவிடலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் மனத்தில் விழுந்த வெடிப்பைப் பூசச் சீமெந்து எக்கடையிலும் விற்பதில்லை.