மூக்கு சொன்னது மெய்யா?

இடிந்து கிடக்கும் கட்டடத்தை மோப்ப நாய் சுற்றி வந்து, குரைக்காமல் திரும்புகிறது. உள்ளே யாரும் இல்லையா, இருந்தும் நாய் தவறவிட்டதா? மீட்புக் களத்தில் நிற்கும் எவராலும் அந்த நேரத்தில் சொல்ல முடியாது. விடை முன்கூட்டியே தெரிந்திருப்பது பயிற்சியில்தான். ஆளை ஒளித்து வைத்தவருக்கு அவர் இருக்கும் இடம் தெரியும். ஆகவே ஒரு நாயை எவ்வளவு நம்பலாம் என்பதை அதன் பயிற்சிக் குறிப்பேடே சொல்ல வேண்டும். போதைப்பொருள் மோப்ப நாய் பற்றிய வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் இதே காரணத்தைக் காட்டியது: களத்தில் நாய் கோட்டைவிட்டவை பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

தேதி, இடம், நேரம் எல்லாரும் எழுதுவார்கள். காற்றின் திசை, வெப்பம், ஈரப்பதம், ஆள் ஒளிந்து எவ்வளவு நேரமாயிற்று என்பவை விடுபட்டால் அது பாதிக் குறிப்புதான். நம் உடலிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. வாசனை அவற்றோடு காற்றில் பரவுகிறது. மலைச்சரிவில் பகலில் சூடேறிய காற்று மேலேறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். நண்பகலில் மேட்டில் நின்றபடியே ஆளைக் காட்டிய நாய், அந்தியில் அங்கேயே தடுமாறினால் மூக்கைக் குறைசொல்வது அநியாயம்.

இதைவிட முக்கியமானது, ஆள் எங்கே என்பது நாயை நடத்துபவருக்கு முன்பே தெரியுமா என்ற குறிப்பு. கலிபோர்னியாவில் லிசா லிட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருள், வெடிபொருள் மோப்ப நாய்கள் 18 தம்மை நடத்துபவர்களோடு ஒரு தேவாலயத்தில் தேடின. உள்ளே எந்தப் பொருளும் இல்லை. சில இடங்களில் ஒட்டிய சிவப்புத் தாள் பொருள் இருக்குமிடத்தைக் குறிப்பதாக நடத்துபவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பதிவானவை 225 தவறான அறிவிப்புகள். தாள் ஒட்டிய இடங்களில் அவை குவிந்தன. நடத்துபவரின் எதிர்பார்ப்பு ஏதோ வழியில் முடிவைத் திருப்பிவிட்டது. எனவே விடை தெரியாமல் தேடிய பயிற்சிகளும், யாருமே ஒளியாத வெற்று இடத்தில் தேடிய பயிற்சிகளும் ஏட்டில் இருந்தாக வேண்டும். வெற்றிகளே நிறைந்த ஏட்டைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

தோல்விகளை வரிசையாகப் படித்தால் அடுத்த பயிற்சி தானே தெரியவரும். தரைமட்டத்தில் ஒளிந்தவர்களை எல்லாம் கண்டுபிடித்த நாய், உயரத்தில் இருந்தவர்களையே திரும்பத் திரும்ப விட்டிருக்கிறதா? அடுத்த வாரம் ஆளை மாடியில் ஒளித்து வைக்க வேண்டியதுதான். எந்த மாடி என்பது நாயை நடத்துபவருக்குத் தெரியக் கூடாது.