கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு: ஆட்களும் பொதிகளும் ஒன்றாகப் போய்ச் சேர்வது எப்படி?

தமிழகத்திலிருந்து நாடு திரும்பும் குடும்பங்கள் எங்களிடம் காணி, வீடு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை பற்றியே முதலில் கேட்கின்றன. விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இறங்கியபின் ஏதாவது வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறார்கள். தனி ஆளுக்கு அது சரி. ஆறேழு பேர், அதில் நடக்க முடியாத ஒரு அம்மம்மா, இரண்டு சிறு பிள்ளைகள், பதினைந்து பொதிகள் என்றால் சரிவராது. முதல் மாதச் செலவுக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி முதல் இரவிலேயே கரைந்துபோவதும், பத்திரங்கள் இருந்த பை வேறொரு வண்டியில் போய்விடுவதும் இங்கேதான் நடக்கின்றன. ஆகவே இந்தப் பகுதியைப் புறப்படுவதற்கு முன்பே, முடிந்தால் குடும்பத்தில் எல்லோரும் இருக்கும்போது, ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

விமான நிலையம் கொழும்பில் இல்லை. அது கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கும் சற்று அதிகமான தூரத்தில், நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இருக்கிறது. மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் எல்லாமே அங்கிருந்து வடக்கேதான். அப்படியிருக்கக் கொழும்புக்குப் போவதென்றால், தெற்கே போய் மறுபடியும் அதே பக்கம் திரும்பி வருவதாகும்.

ஊரிலிருந்து உறவினர் வான் அனுப்புவதாக இருந்தால் கொழும்பை மறந்துவிடுங்கள். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று நேராகப் போகலாம். மன்னாருக்குப் போகிறவர்கள் மதவாச்சியில் திரும்ப வேண்டும். திருகோணமலை, மட்டக்களப்புக் குடும்பங்களுக்கும் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழி இருக்கிறது. ஹபரணைப் பக்கம் இரவில் யானைகள் வீதிக்கு வருவதால் அந்தப் பகுதியைப் பகலில் கடப்பது நல்லது.

ஊர் வானுக்குப் போகவரப் பணம் கேட்பார்கள். கேட்டவுடன் பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் கொழும்புக்கு வான், அங்கே ஒரு இரவு தங்குமிடம், காலையில் இரண்டு முச்சக்கரவண்டி, பஸ்ஸில் ஏழு ஆசனம், பொதிக்கூலி, ஊரில் இறங்கியபின் மறுபடி ஒரு வண்டி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பெரிய குடும்பத்துக்கு இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இராது. வயோதிபர்களும் ஐந்து தடவை ஏறி இறங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் உறவினர்களுக்குச் சொல்லிவையுங்கள். வரவேற்க ஆசைப்பட்டு வானில் ஐந்தாறு பேர் வந்துவிடுகிறார்கள். பத்து, பதினைந்து வருடங்களுக்குப் பிறகு காணப்போகிறவர்களின் ஆசை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பும்போது பொதிகளுக்கு இடமில்லாமல், நடு இரவில் இரண்டாவது வாகனம் தேட வேண்டி வருகிறது. சாரதியுடன் ஒருவர் மட்டும் வந்தால் போதும்.

கொழும்பு தேவைப்படும் குடும்பங்களும் இருக்கின்றன. ரயிலில் போக ஆசனம் பதிவுசெய்தவர்கள், கொழும்பில் அலுவலக வேலையோ வைத்தியமோ உள்ளவர்கள், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள், வான் ஏற்பாடு செய்ய யாரும் இல்லாதவர்கள். இனி வருவது அவர்களுக்கானது.

மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்

இந்தியாவிலேயே ஒவ்வொரு பொதியிலும் ஒரே நிறத் துணியைக் கட்டிவிடுங்கள். எத்தனை பொதி என்ற எண்ணிக்கை குடும்பத்தில் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூடத் தெரிந்திருக்கட்டும். வாகனத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்தப் பிள்ளையே எண்ணட்டும். பெரியவர்கள் பேச்சில் எண்ண மறந்துவிடுவார்கள்.

பொதி ஏதாவது வந்து சேராவிட்டால், மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் அங்கேயே உள்ள விமான சேவையின் கருமபீடத்தில் முறையிட்டு, எழுத்தில் ஒரு பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். பொதிகளைக் கொடுத்தபோது தந்த சிறிய துண்டுச் சீட்டுகள் அப்போது தேவைப்படும், எறிந்துவிட வேண்டாம். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது எளிதல்ல.

பத்திரங்கள் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கடவுச்சீட்டு அல்லது பயணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், குடியுரிமைப் பத்திரங்கள், பாடசாலை மாற்றுச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை, வைத்தியக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே பிளாஸ்ரிக் கோவையில் போட்டு, தோளில் மாட்டும் பையில் ஒருவரே வைத்திருக்க வேண்டும். அந்தப் பை வானின் கூரைக்கோ பஸ்ஸின் பொதியறைக்கோ போகக்கூடாது. உடுப்பும் பாத்திரமும் தொலைந்தால் மறுபடி வாங்கலாம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவுசெய்ய இந்தப் பத்திரங்களே வேண்டும். தமிழகத்தில் பெற்ற ஒரு சான்றிதழின் பிரதியை இங்கிருந்து எடுப்பதற்கு மாதக்கணக்கில் அலைய நேரிடலாம்.

உறவினரின் தொலைபேசி எண்ணையும் தங்கும் இடத்தின் முகவரியையும் கடதாசியில் எழுதி, பெரியவர்கள் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் வையுங்கள். இந்திய சிம் இங்கே வேலை செய்யாமல் போகலாம். வருகை மண்டபத்தில் இலங்கை சிம் விற்கும் கருமபீடங்கள் உள்ளன. குடும்பத்துக்கு ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள்.

விலையைக் கேட்டுத் திகைக்க வேண்டாம்

இரண்டு நாட்டிலும் பணத்தின் பெயர் ரூபாதான், பெறுமதி ஒன்றல்ல. இப்போது ஒரு இந்திய ரூபா மூன்று இலங்கை ரூபாவுக்கும் மேல். வான்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுப் பலர் திகைத்துப்போவது இதனால்தான். மறுபுறம், கணக்குப் பிடிபடாமல் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பயணத்துக்கு வேண்டிய அளவு பணத்தை வருகை மண்டபத்திலுள்ள வங்கிக் கருமபீடத்தில் மாற்றி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியில் யாராவது வந்து பணம் மாற்றித் தருவதாகச் சொன்னால் விலகிப் போய்விடுங்கள்.

எந்த வாகனம்?

நான்கு பேருக்கு மேல் இருந்தால் எங்கள் ஆலோசனை ஒன்றுதான்: ஒரு வான். இரண்டு கார் வேண்டாம், மூன்று முச்சக்கரவண்டி வேண்டவே வேண்டாம். பிரிந்து போகும்போதுதான் குடும்பம் தடுமாறுகிறது. ஒரு குடும்பத்தில் தகப்பனும் மகனும் பொதிகளோடு ஒரு வண்டியில் ஏற, தாயும் மற்றப் பிள்ளைகளும் இன்னொன்றில் வந்தார்கள். கைத்தொலைபேசி தகப்பனிடம், முகவரி தாயிடம். இரண்டு வண்டியும் புறக்கோட்டையில் வேறு வேறு பக்கம் நிற்க, அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த நாட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த அந்தப் பிள்ளைகள் அழுத அழுகையை அந்தத் தாய் இன்னும் சொல்கிறார்.

வானின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஆளுக்கு முப்பது கிலோ என்றாலும் ஆறு பேருக்கு 180 கிலோ. கைப்பைகள் வேறு. பத்து ஆசன வான் என்று சொன்னால் பத்துப் பேர் இருக்கலாம், பத்துப் பேரின் பொதிகளும் அதில் கொள்ளாது. ஆறு பேருக்குப் பத்து ஆசன வானைக் கேட்டு, பின் ஆசனங்களைப் பொதிகளுக்கு விடுங்கள். கூரையில் ஏற்றினால் படங்கு இருக்கிறதா என்று பாருங்கள். மழை இந்தக் கரையோரத்தில் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வானை மூன்று விதமாகப் பெறலாம். வருகை மண்டபத்துக்குள்ளேயே வாடகை வாகனக் கருமபீடங்கள் இருக்கின்றன. போகும் இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொன்னால் தொகையைச் சொல்வார்கள். பேசிய தொகைக்குப் பற்றுச்சீட்டு வாங்கலாம், பிறகு பேரம் இல்லை. கைத்தொலைபேசியில் பிக்மீ, ஊபர் செயலிகள் மூலமும் அழைக்கலாம். தொகை முன்கூட்டியே திரையில் தெரியும், ஆனால் கார் அல்ல, வான் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். மூன்றாவது, வாசலில் வந்து “எங்கே போக வேண்டும்?” என்று பொதியில் கை வைக்கும் ஆட்கள். அவர்களில் நேர்மையானவர்களும் இருப்பார்கள். ஆனால் களைத்துப்போன குடும்பத்தோடு நிற்கும் நேரம் அதைச் சோதித்துப் பார்க்கும் நேரமல்ல.

யாரோடு பேசினாலும் ஏறுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். தொகை முழு வானுக்கா, ஆளுக்கா? பொதிகளுக்குத் தனியாக ஏதும் உண்டா? நெடுஞ்சாலைக் கட்டணம் அதில் சேர்ந்ததா? கடைசிக் கேள்வியில்தான் பலர் இறங்கும்போது தகராறு படுகிறார்கள்.

அந்த நெடுஞ்சாலை 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேக நெடுஞ்சாலை. சுமார் 26 கிலோமீற்றர், பேலியகொடைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். அதற்குப் பின் நகரத்துக்குள் எவ்வளவு நேரம் என்பது நெரிசலைப் பொறுத்தது. வெள்ளவத்தைக்குப் பின்னேரத்தில் போவதென்றால் பொறுமை வேண்டும். பழைய வீதி சீதுவை, ஜா-எல, வத்தளை என்று கடைத்தெருக்களுக்கு ஊடாகப் போகிறது. கட்டணம் இல்லை, நேரம் இரண்டு மடங்கும் ஆகலாம். சிறு பிள்ளைகளும் வயோதிபர்களும் இருந்தால் நெடுஞ்சாலைக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. முச்சக்கரவண்டிகளுக்கு அதில் அனுமதி இல்லை, அவை பழைய வீதியால்தான் போகும்.

மிகக் குறைந்த செலவு பஸ்தான். 187ஆம் இலக்க பஸ் கட்டுநாயக்காவுக்கும் கொழும்புக் கோட்டைக்கும் இடையில் ஓடுகிறது. சில நெடுஞ்சாலையால் போகும், சில பழைய வீதியால் போகும், ஏறும்போது கேளுங்கள். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பை என்றால் நானும் இதையே சொல்வேன். ஆனால் பொதிகளுக்கு இந்த பஸ்களில் இடம் குறைவு. ஆசனத்தில் பொதி வைத்தால் அந்த ஆசனத்துக்கும் பணம் கேட்பார்கள், அது ஏமாற்று அல்ல, இங்குள்ள வழக்கம். கட்டுநாயக்காவில் ரயில் நிலையம் இருந்தாலும், அதிக பொதிகளோடு அந்த வழியை நினைக்க வேண்டாம்.

இரவில் இறங்கினால், தெரிந்தவர் யாரும் வராதபோது, விடியும்வரை விமான நிலையத்திலேயே இருப்பது நல்லது. வெளிச்சமும் கழிப்பறையும் காவலும் அங்கே இருக்கின்றன. நள்ளிரவில் கொழும்பில் விடுதி தேடித் திரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

புறக்கோட்டையில்

நீண்ட தூர பஸ்களும் கோட்டை ரயில் நிலையமும் அருகருகே இருப்பது புறக்கோட்டைப் பக்கம். கூட்டம் அதிகம், நடைபாதை குறைவு. வானை நிலையத்து வாசலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், வீதிக்கு மறுபக்கம் இறங்கினால் பொதிகளோடு கடப்பது பெரும்பாடு. அங்கே பொதி சுமக்கும் தொழிலாளர்களை நாட்டாமை என்பார்கள். தமிழகத்தில் அந்தச் சொல்லுக்கு ஊர்ப் பெரியவர் என்று பொருள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூலியை முன்பே பேசி, குடும்பத்தில் ஒருவர் பொதிகளோடு கூடவே நடக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு 87ஆம் இலக்க பஸ்கள் புத்தளம் வழியே போகின்றன. தனியார் சொகுசு பஸ்கள் பல இரவில் வெள்ளவத்தையிலிருந்து புறப்படுகின்றன. முற்பதிவு செய்யும்போதே இத்தனை பொதி என்று சொல்லிவிடுங்கள். புத்தளம் வழியே போகும் பஸ் என்றால் நீர்கொழும்பில் ஏற முடியுமா என்றும் கேளுங்கள். முடியுமானால் கொழும்புக்கு வரும் வேலையே மிச்சம். ரயிலில் போகிறவர்கள் வடக்குப் பாதையில் அன்று சேவை நடக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருத்த வேலைக்காகவும் வெள்ளத்தாலும் அது அவ்வப்போது நின்றிருக்கிறது. அரசாங்கத் தகவல் நிலையத்தை 1919 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மூன்று சிங்களச் சொற்கள் போதும்: “கீயத?” என்றால் எவ்வளவு, “மெத்தன” என்றால் இங்கே, “நவத்தன்ன” என்றால் நிறுத்துங்கள். பிள்ளைகள் விமானத்திலேயே பழகிவிடுவார்கள்.

வழியில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும். பொலிஸ் அவசர உதவிக்கு 119. இரண்டையும் முகவரி எழுதிய அதே கடதாசியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.