தோட்ட உழுவையின் கிளட்ச் மிதி

கிளட்ச் மிதி என்பது ஓட்டுநர் தம் காலால் அழுத்திப் பொறிக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் இடையிலான இணைப்பைத் துண்டிக்க உதவும் நெம்புகோல் ஆகும். தோட்ட உழுவை (தோட்ட டிராக்டர்) எனப்படும் சிறிய உழவு இயந்திரங்களில் இம்மிதி பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட இத்தகைய உழுவைகள் பல இன்றும் ஆர்வலர்களால் செப்பனிடப்பட்டு ஓடுகின்றன. அவற்றில் அடிக்கடி காணப்படும் குறைகளுள் ஒன்று, மிதி தன் இடத்தில் நில்லாமல் தாழ்ந்தோ உயர்ந்தோ இருப்பது. இக்கட்டுரை அக்குறையின் காரணங்களையும் அதனைச் சரிசெய்யும் முறையையும் விளக்குகிறது.

பின்னணி

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961ஆம் ஆண்டு மாதிரியாகக் கப் கேடட் என்னும் தோட்ட உழுவையை அறிமுகம் செய்தது. தன் சிறிய வேளாண் உழுவையான ஃபார்மால் கப்பின் பற்சக்கரப் பெட்டியை ஒட்டியே இதன் பின்பகுதியை அந்நிறுவனம் அமைத்தது. இவை நெடுங்காலம் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1963இல் வந்த 70, 100 ஆகிய மாதிரிகளில் பொறியின் சுழற்சி ஒரு தண்டின் வழியாக நேரே பின்பகுதிக்குச் செல்கிறது. அத்தண்டின் மீது உலர்தட்டு வகைக் கிளட்ச் பொருத்தப்பட்டுள்ளது. வீல் ஹார்ஸ் போன்ற வேறு பல உழுவைகளில் தட்டுக்குப் பதிலாக வார்பட்டையே (பெல்ட்) கிளட்ச்சின் வேலையைச் செய்கிறது. இரண்டிலும் மிதி ஒன்றுபோல் தோன்றினாலும், அது காட்டும் செய்தி வேறு வேறானது.

மிதியின் உயரமும் வெற்றசைவும்

உலர்தட்டுக் கிளட்ச்சில் உராய்வுத் தட்டு ஒன்று இரு அழுத்தத் தட்டுகளுக்கு நடுவே வலிய சுருள்வில்லால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தும்போது ஓர் இணைப்புக் கம்பி விடுவிப்பு நெம்புகோலை இழுக்கிறது. அந்நெம்புகோல் விடுவிப்புத் தாங்கியை (பேரிங்) தள்ளி, வில்லின் அழுத்தத்தை உராய்வுத் தட்டிலிருந்து நீக்குகிறது. மிதியில் கால் இல்லாதபோது நெம்புகோல் தாங்கியைத் தொடக்கூடாது. கப் கேடட் உழுவைகளில் இவ்விடைவெளி 0.050 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.27 மி.மீ. இருத்தல் வேண்டும்.

இந்தச் சிறு இடைவெளியே மிதியில் பெருகித் தெரிகிறது. நெம்பு விகிதம் 8 எனக் கொண்டால், 1.27 மி.மீ. இடைவெளி மிதியில் ஏறத்தாழ 10 மி.மீ. தளர்வாக வெளிப்படும். காலுக்கு எதிர்ப்பே தராத இத்தொடக்க அசைவை வெற்றசைவு எனலாம். பட்டறைகளில் இதனைப் 'பிளே' என்பர். உராய்வுத் தட்டு தேயத் தேய அழுத்தத் தட்டுகள் ஒன்றையொன்று நெருங்குவதால் இவ்விடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆகவே ஒன்றும் செய்யாமல் விட்டாலும் வெற்றசைவு ஒருநாள் அற்றுப்போகும்.

மிதி ஓய்வில் நிற்கும் உயரமோ வேறு ஒன்றைச் சார்ந்தது. மீள்வில் மிதியை மேலே இழுத்து அதன் தடுப்பில் நிறுத்துகிறது. வில் தளர்ந்தாலோ, மிதியின் சுழலச்சும் அது நுழையும் துளையும் தேய்ந்தாலோ, மிதி தன் எடையாலேயே தொங்கிவிடும். உயரத்தையும் வெற்றசைவையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான தவறான செப்பனிடுதல்களுக்கு வேர்.

தவறான செப்பனிடுதல்

தொங்கும் மிதியைக் கண்டவுடன் இணைப்புக் கம்பியின் நட்டை இறுக்குவது எளிய வழியாகத் தோன்றும். இறுக்கியதும் மிதி உண்மையிலேயே உயர்ந்துவிடும். ஏனெனில் கம்பியின் தளர்வு குறைந்து, தொங்கும் மிதி முன்னதாகவே தடுத்து நிறுத்தப்படுகிறது. ஆனால் இப்போது மிதியைத் தாங்கி நிற்பது மீள்வில் அன்று. விடுவிப்புத் தாங்கியே அந்தச் சுமையை ஏற்கிறது. பொறி ஓடும் நேரமெல்லாம் அத்தாங்கி சுமையுடன் சுழன்று சூடேறி அழியும். இன்னும் சற்று இறுக்கினால் வில்லின் அழுத்தம் உராய்வுத் தட்டை முழுமையாக அடையாது. தட்டு வழுக்கிக் கருகும். பார்வைக்கு நேராக நிற்கும் மிதி, உள்ளே கிளட்ச்சை எரித்துக்கொண்டிருக்கும்.

மறுபக்கத்தில், வெற்றசைவு மிகுந்துவிட்டால் மிதியை முழுவதும் அழுத்தினாலும் இணைப்பு முற்றிலும் துண்டிக்கப்படாது. ஓட்டுநர் நிறுத்திவிட்டதாக எண்ணும் வேளையில் உழுவை மெல்ல ஊர்ந்து செல்லும். இருக்கையிலிருந்து ஓட்டுநர் விழுந்தால் பொறியைத் தானே அணைக்கும் மின்னிணைப்பு, பழைய உழுவைகள் பலவற்றில் கிடையாது. அடியில் புல்வெட்டும் அலகுகள் சுழலும் வண்டி இது என்பதை நினைவிற்கொண்டால் இக்குறையின் கடுமை விளங்கும்.

சரிசெய்யும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, தீப்பொறிச் செருகியின் (ஸ்பார்க் பிளக்) கம்பியைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய உராய்வுத் தட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு. எனவே அங்குள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பது இன்றியமையாதது.

முதலில் மிதியையே ஆராய வேண்டும். அதனைப் பக்கவாட்டில் அசைத்தால் சுழலச்சின் தேய்மானம் கையிலேயே தெரியும். தேய்ந்த துளையைக் கடைந்து புதிய புஷ் பொருத்துவதே நிலையான தீர்வு. இணைப்புக் கம்பியின் முனைகளிலுள்ள துளைகள் முட்டை வடிவாகத் தேய்ந்திருப்பின், அவையும் வெற்றசைவைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டும். மிதியின் கரம் வளைந்திருக்கவும் கூடும். மீள்வில் விலை குறைந்த பொருள். ஐயம் எழுந்தால் மாற்றிவிடுவது நல்லது.

மிதி தன் தடுப்பில் உறுதியாக நின்ற பிறகே கிளட்ச்சைத் தொட வேண்டும். ஃபீலர் அளவியை நெம்புகோலுக்கும் தாங்கிக்கும் இடையே செருகி, இடைவெளி 0.050 அங்குலம் ஆகும் வரை கம்பியின் நட்டைத் திருக வேண்டும். மிதியைச் சில முறை முழுவதும் அழுத்திவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவு பெரும்பாலும் மாறியிருக்கும். நட்டு மரையின் எல்லைக்கே வந்தும் இடைவெளி கிட்டவில்லையெனில் உராய்வுத் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் சரிசெய்தல் பயன் தராது.

பல தோட்ட உழுவைகளில் கிளட்ச்சுக்கும் தடைக்கும் (பிரேக்) ஒரே மிதியே உண்டு. மிதியின் முற்பகுதி அசைவு கிளட்ச்சை விடுவிக்க, பிற்பகுதி அசைவு தடையைப் பிடிக்கிறது. தடையின் கம்பி அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், கிளட்ச் விடுபடுமுன்பே மிதி கடினமாகி நின்றுவிடும். இந்நிலையில் கிளட்ச்சை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. எனவே கிளட்ச்சின் அளவை மாற்றியபின் தடையையும் சோதிப்பது கட்டாயமாகும்.

இறுதிச் சோதனை எளியது. பொறியை மெதுவாக ஓடவிட்டு, மிதியை முழுவதும் அழுத்தி, சில நொடிகள் பொறுத்துப் பின்னோட்டப் பற்சக்கரத்தில் இணைக்க வேண்டும். இவற்றின் பற்சக்கரங்களுக்கு வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு இல்லாமையால், கிளட்ச் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பற்கள் உரசும் ஓசை உடனே கேட்கும்.

வார்பட்டை வகை

இவ்வகையில் வில்லால் இழுக்கப்படும் ஒரு கப்பி வார்பட்டையை அழுத்தி இறுக்கமாக வைத்திருக்கும். மிதி அக்கப்பியை விலக்கும். இங்கு மிதியின் ஓய்வு நிலை வார்பட்டையின் நீளத்தைக் காட்டும் அளவுகோல் போன்றது. பட்டை நீளும்போது கப்பி மேலும் உள்ளே செல்ல, மிதி உயரும். மிதி தன் தடுப்பை முட்டிவிட்டால் வில்லின் இழுவிசை பட்டைக்குச் செல்லாமல் தடுப்பிலேயே முடிந்துவிடும். பட்டை வழுக்கத் தொடங்கும். ஆகவே உலர்தட்டு வகைக்கு மாறாக, இங்கு மிதிக்கும் தடுப்புக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே ஆக வேண்டும். குட்டையான பட்டையைப் போட்டால் மிதி தாழ்ந்து நிற்கும். இணைப்பைத் துண்டிக்கப் போதிய அசைவு மிஞ்சாது.

மிதியை அழுத்திய பின்னும் வண்டி ஊர்ந்தால் பட்டை வழிகாட்டிகளைப் பார்க்க வேண்டும். தளர்ந்த பட்டையைக் கப்பியின் பள்ளத்திலிருந்து விலகி நிற்கச் செய்பவை அவையே. அவை வளைந்திருந்தால் பட்டை தளர்ந்தும் கப்பியைப் பற்றிக்கொண்டிருக்கும். பட்டையின் நீளம் மட்டுமன்றி அதன் வகையும் முதன்மையானது. துணியுறை போர்த்த, கிளட்ச் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட பட்டைகள் நழுவி விடுபடும். பொதுப் பயன்பாட்டுக்கான ரப்பர்ப் பட்டைகள் ஒட்டிக்கொண்டு திடீரெனப் பற்றியிழுக்கும்.