அப்பளப் பலகையும் முதுமைக் காப்பும்

முதுமை வரும் என்பதை அறியாதார் இல்லை. அதற்கெனப் பொருள் சேர்ப்போரோ மிகச் சிலர். அறியாமை இதற்குக் காரணமன்று. இன்றைய தேவை கண்முன் நிற்கிறது. நாளைய தேவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 'அடுத்த மாதம் தொடங்குவோம்' என்னும் எண்ணமே சேமிப்பின் முதற்பகை.

மனிதரின் இவ்வியல்பை ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு தாலர். 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். எவரையும் கட்டாயப்படுத்தாது, நல்வழியை எளிய வழியாக்கி வைப்பதே அவர் கொள்கை. அதனை 'மென்தூண்டல்' என நாம் குறிக்கலாம். அவரும் பெனார்ட்சியும் வகுத்த திட்டம் 1998இல் ஒரு நிறுவனத்தில் நடைமுறைக்கு வந்தது. 'ஊதியம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயரட்டும்' எனத் தொழிலாளர் முன்கூட்டியே இசைந்தனர். 40 மாதங்களில் அவர்தம் சேமிப்பு ஊதியத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாயிற்று. கைக்கு வரும் தொகை குறையாமையால் இழப்புணர்வு எழவில்லை.

நம் நெல்லைச் சீமையில் பீடித் தொழிலை நோக்குவோம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் வருங்கால வைப்புநிதிக்கு உரியவரே என உச்சநீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. கூலியில் 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியின் பங்கும் சேர்கிறது. இது சட்டத்தின் கட்டாயமேயன்றி மென்தூண்டல் அன்று. எனினும், கைக்கு வராத காசு கரைவதில்லை என்னும் உண்மையை இது காட்டுகிறது.

கல்லிடைக்குறிச்சியின் பெயரை ஊரறியச் செய்தது அப்பளம். அப்பளம் இடுவோர் போன்று, பிடித்தம் ஏதுமின்றிக் கூலி பெறும் பெண்டிர்க்கு யாது வழி? 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் ஒரு வழி. 60 வயது முதல் மாதம் 1000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்வோர் மாதம் 42 ரூபாய் செலுத்தினால் போதும்; 40 வயதில் சேர்ந்தாலோ 291 ரூபாய். தள்ளிப்போடுதலின் விலை இது! தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிந்துவிடும். ஆயின், மழைக்காலத்தில் அப்பளம் காய்வதில்லை. கணக்கிலும் காசு இராது. ஆதலின் கூலி வரும் நாளையொட்டித் தவணையை அமைத்துக்கொள்ளல் வேண்டும். மாதந்தோறும் இயலாதார் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் செலுத்தலாம்.

இன்றைய ஆயிரம் ரூபாய்க்கு முதுமையில் இதே மதிப்பு இராது என்பதையும் மறத்தற்கில்லை. நியாயமான கூலிக்கு எத்தூண்டலும் ஈடாகாது. கூலி உயரட்டும்; உயரும் அன்றே சேமிப்பும் சிறிது உயரட்டும். மாணவ மணிகளே, உங்கள் இல்லத்து அன்னையர்க்கு அவ்வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் கற்ற கல்வியின் பயன் அவர்தம் முதுமைக்கு முதற்காப்பாகட்டும்!