பிணையில் விடுதலை: பாதிக்கப்பட்டோரின் அறியும் உரிமை

குற்ற வழக்கில் அரசும் குற்றஞ்சாட்டப்பட்டவருமே இரு தரப்பினர் என்பது நமது நீதி முறையின் நெடுநாளைய மரபு. குற்றத்தால் ஊறு அடைந்தவர் அதில் ஒரு சாட்சியாகவே கருதப்பட்டு வந்தார். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்திய சிறையிலிருந்து ஒருவர் பிணையில் வெளிவந்தால், அதை நீதிமன்றம் அறியும். சிறை அதிகாரியும் வழக்கறிஞரும் அறிவர். ஆனால், புகார் கொடுத்த பெண் அவரைத் தெருமுனையில் நேரில் காணும்போதுதான் அச்செய்தியை அறிய நேரிடலாம். அச்சுறுத்தலுக்கு அஞ்சிச் சாட்சி பின்வாங்கினால் வழக்கே சிதைந்துவிடும். எனவே இது தனி மனிதரின் அச்சம் பற்றியது மட்டுமன்று. நீதி நிர்வாகம் பற்றியதும் ஆகும்.

சட்டம் வளர்ந்த விதம்

பாதிக்கப்பட்டோருக்கு வழக்கு நடவடிக்கைகள் பற்றிய தகவல் தரப்பட வேண்டும் என்ற கொள்கையை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985 நவம்பர் 29-ஆம் நாள் நிறைவேற்றிய பிரகடனம் வலியுறுத்தியது. நம் நாட்டில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்கான விளக்கம், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட 15-ஏ பிரிவு மேலும் முன்னேறியது. பிணை உட்பட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் அறிவிப்புத் தரப்பட வேண்டும். அவரது கருத்தும் கேட்கப்பட வேண்டும். இது கட்டாயமானது என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளோ, குற்றஞ்சாட்டப்பட்டவரின் பிணை, விடுதலை, காவல் நிலை ஆகியவற்றையே தெரிவிக்க வேண்டிய தகவல்களாகக் குறிப்பிடுகின்றன. இத்தகைய வழக்குகளில் பிணை மனுவை ஆராயும் முன் பாதிக்கப்பட்ட தரப்பைக் கேட்க வேண்டுமெனக் கர்நாடக உயர் நீதிமன்றமும் 2022-இல் வலியுறுத்தியது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, புலனாய்வின் முன்னேற்றத்தைப் போலீசார் 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ தகவல் கொடுத்தவருக்கோ தெரிவித்தல் வேண்டும். ஆயினும், எல்லாக் குற்றங்களிலும் விடுதலைச் செய்தியை அவருக்குத் தெரிவிக்கும் பொதுவான கடமை அதில் இடம்பெறவில்லை.

இரு வேறு அறிவிப்புகள்

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். பிணை மனு விசாரணைக்கு வருகிறது என்ற அறிவிப்பு ஒன்று. கைதி சிறையை விட்டு வெளியேறினார் என்ற அறிவிப்பு மற்றொன்று. முன்னது கருத்துரைக்க வாய்ப்பளிக்கிறது. பின்னது தற்காத்துக்கொள்ள அவகாசம் தருகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைகள் மின்னணு வழியில் சிறைகளை விரைந்து எட்ட 2022-இல் ‘ஃபாஸ்டர்’ என்னும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. கைதியின் சுதந்திரம் தாமதத்தால் பறிபோகலாகாது என்பது இதன் நோக்கம். இதே விரைவு பாதிக்கப்பட்டவருக்குச் செய்தி சொல்வதிலும் வேண்டும்.

அறியும் உரிமை, பிணையைத் தடுக்கும் உரிமை அன்று. 2017 செப்டம்பர் 5-ஆம் நாள் பெங்களூருவில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் வழக்கு இதற்குச் சான்று. குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் மீதான அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டக் குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, கௌரியின் சகோதரி கவிதா லங்கேஷ் மேல்முறையீடு செய்தார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றை மீண்டும் நிலைநிறுத்தியது. அதே நபருக்குப் பின்னர் அளிக்கப்பட்ட பிணையை எதிர்த்தபோதோ, 2024-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இரு முறையும் குடும்பத்தின் குரல் நீதிமன்றத்தை எட்டியது, முடிவு நீதிமன்றத்தினுடையது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்னும் கோட்பாட்டிற்கு இதனால் குறைவு நேரவில்லை.

அயல்நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் லூயிவில் நகரில் 1993-இல் ஓர் இளம்பெண், தமக்குத் தீங்கிழைத்துச் சிறைப்பட்டிருந்தவராலேயே கொல்லப்பட்டார். அவர் விடுதலையான செய்தி அப்பெண்ணுக்குத் தெரிவிக்கப்படவில்லை. இதன் விளைவாக அங்கே 1994-இல், விடுதலைச் செய்தியைத் தொலைபேசி வழியே தானாகவே தெரிவிக்கும் முறை ஏற்பட்டது. பின்னர் அது பல மாநிலங்களுக்கும் பரவியது.

செய்யத்தக்கவை

நமது சிறைப் பதிவேடுகள் இன்று கணினியில் உள்ளன. புகார் பதிவாகும்போதே, தகவல் பெற விரும்புவோரின் தொலைபேசி எண்ணையும் மொழியையும் குறித்துக்கொள்ளலாம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழியினர் வாழும் பெங்களூருவில், புரியாத மொழியில் வரும் அறிவிப்பால் பயனில்லை. இவ்விவரங்கள் எதிர்த்தரப்பினரை எட்டாதவாறு காத்தலும் வேண்டும். விடுதலை ஆணை சிறைக்கு வந்தவுடன் உரிய காவல் நிலையத்திற்கும் செய்தி செல்ல வேண்டும். அங்கே பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் அவசியம். அச்சுறுத்தல் இருப்பின், உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கும் வழியையும் அவர் எடுத்துரைக்க வேண்டும்.

சட்டம் சில பிரிவினருக்கு வழங்கியுள்ள இவ்வுரிமை அனைவருக்கும் விரிவடைதல் வேண்டும். அதுவரை, உள்ள விதிகளையேனும் அதிகாரிகள் வழுவாது கடைப்பிடித்தால், தீங்கு நேரும் முன்னரே பலரைக் காக்க இயலும்.